சட்டை போடாத தூண்

மதிலோரமாக வரிசை வரிசையாய்ச் சைக்கிள்கள் சாய்ந்து நிற்பதைத் தயாளினி ஓட்டோவுக்குள்ளிருந்தே கண்டாள். ஒன்றா இரண்டா, இருநூறு சைக்கிளுக்குக் குறையாது. ஓட்டோ சரியாக நிற்க முன்னமே குதித்து இறங்கினாள். தூணுக்குப் புதுக்கம்பி ஒட்டுவதற்கென்று யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போய் வாங்கி வந்த பசை டின்கள் ஓட்டோவுக்குள்ளேயே கிடந்தன. மேல்மாடியிலிருந்து ஒலிபெருக்கியில் ஜெயரூபன் சேரின் குரல் கணீரென்று வந்தது.

"ஏ பீ சீ டீ ஒரு வட்ட நாற்பக்கல். எல்லாரும் படத்தைக் கீறுங்கோ..."

"கடவுளே, மேலை பிள்ளையளோ?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"சனிக்கிழமையெண்டால் இஞ்சை இப்பிடித்தானே அக்கா," என்றான் ஓட்டோக்காரன். அவனுக்கென்ன, அவன் சொல்லுவான்.

கொழும்புத்துறையில் கடனீரேரிக் காற்று நேரே வந்து மோதுகிற இடத்தில் நிற்கிறது ஜெயரூபன் சேரின் ரியூட்டறி. நம்முடைய சனத்தைப் பற்றித் தெரியாதா? பிள்ளை பாலர் வகுப்புக்குப் போகத் தொடங்கவே தாய்க்காரி நல்ல ரியூசன் எங்கே என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவாள். செல் விழுந்த காலத்திலும் பதுங்குகுழி வாசலில் விளக்கை வைத்து அட்சரகணிதம் செய்த ஆட்கள். அப்படிப்பட்ட ஊரில் கணக்கென்றால் ஜெயரூபன் சேர்தான். சமாதான காலத்தில், பாதை திறந்து சீமெந்து வந்ததும் வராததுமாக, அவசரம் அவசரமாக எழுப்பின கட்டடம் அது. கரை மணலை அள்ளி, உவர்க்கிணற்றுத் தண்ணீரில் குழைத்துத் தூண் வார்த்தார்கள். அந்த உப்பு உள்ளேயிருந்து கம்பியைத் தின்றுகொண்டே வந்தது. போன வருடம் கீழ்த்தட்டுத் தூண்களில் கொங்கிறீற் பாளம் பாளமாகக் கழன்று விழத் தொடங்கிய பிறகுதான் சேர் தயாளினியைக் கூப்பிட்டார்.

அரியாலைக்காரியான தயாளினி அவரிடம் படித்தவள். படித்து, எஞ்சினியராகி, இப்போது சொந்தமாக வேலை எடுத்துச் செய்கிறாள். அவள் செய்துகொண்டிருந்த வேலைக்கு மேசன்மார் வைத்த பெயர் 'தூணுக்குச் சட்டை போடுறது'. முதலில் மேல்தட்டின் பாரத்தை இரும்பு முட்டுகளில் தாங்க வேண்டும். பிறகு பழைய தூணின் தோலைக் கொத்தி எடுத்து, சுற்றிவரப் புதுக்கம்பி கட்டி, பலகையடித்து, புதுக்கொங்கிறீற் வார்க்க வேண்டும். காய்ந்து முடிந்தால் தூண் முன்னையதைவிட நல்ல தடிப்பாய் நிற்கும். றோட்டுப் பக்கத்துத் தூண்களுக்கெல்லாம் சட்டை போட்டாயிற்று. இனிக் கடல்பக்கம். அதில் படிக்கட்டு மூலைத் தூணை இன்று காலையில்தான் கொத்தத் தொடங்கியிருந்தார்கள். மாடிக்கு ஏற இருப்பதோ அந்த ஒரேயொரு படிக்கட்டு.

வேலை முடியும்வரை மேலே ஒரு குருவிகூட ஏறக்கூடாது என்பதுதான் பேச்சு. ஆனால் நேற்று, வெள்ளிக்கிழமை, சேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து தூண்களைச் சுற்றிப் பார்த்தார்.

"சோதினை கிட்ட வந்திட்டுது பிள்ளை. நாளைக்கு எல்லாப் பிள்ளையளையும் மேலை கூப்பிட்டு ஒரு கருத்தரங்கு வைக்கலாமெண்டு நினைக்கிறன். றோட்டுப் பக்கம் முடிஞ்சுதுதானே? அரைநாள்தான். என்ன?"

ஜெயரூபன் சேர் 'என்ன?' என்று கேட்டால் அது கேள்வியல்ல என்பது அவரிடம் படித்த எல்லாருக்கும் தெரியும். தயாளினியின் தொண்டை வரைக்கும் 'இல்லை' வந்தது. வந்து, அங்கேயே நின்றுகொண்டது. அவள் தலையைக் குனிந்து, அளவுநாடாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நின்றாள். அவர் திரும்பிப் போய்விட்டார். சேர் அப்படிச் செய்யமாட்டார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். தூ! இவளெல்லாம் ஒரு எஞ்சினியர்!

கீழ்த்தட்டுக்குள் ஓடினாள். மேசன் தம்பிராசா உளியை மடியில் வைத்துக்கொண்டு தூணடியில் குந்தியிருந்தார். அவளைக் கண்டதும் எழும்பினார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்ன அண்ணை இது? ஆர் பிள்ளையளை ஏறவிட்டது?"

"உங்களட்டைக் கேட்டதெண்டு சேர் சொன்னார் தங்கச்சி. மத்தியானம் வரைக்கும் சத்தம் போடாதேங்கோ எண்டார். நான் என்னெண்டு மறுக்கிறது? என்ரை மூத்தவனும் அவரட்டைப் படிச்சவன்."

"முட்டு எங்கை? இந்த மூலையிலை நாலு முட்டெல்லே நிண்டது?"

தம்பிராசா தலையைச் சொறிந்தார்.

"ரண்டைக் கழட்டினது. படிக்கட்டுக்குப் போற வழியை மறிக்குதெண்டு சேர் சொன்னவர். பிள்ளையள் ஏறி முடியத் திருப்பி வைப்பமெண்டுதான் பாத்தனான். அதுக்கிடையிலை வகுப்புத் துவங்கீட்டுது."

அவருக்கு ஏசுவதா, தனக்கு ஏசுவதா? தயாளினி தூணைப் பார்த்தாள். இடுப்புயரம் வரைக்கும் தோல் கழன்று நின்றது. உள்ளே இருந்த கொங்கிறீற்றை விரலால் தொட, மாவாய் உதிர்ந்தது. விரல் மொத்தத்தில் இருக்க வேண்டிய கம்பிகள் ஈர்க்குத் தடிப்பில் நின்றன. அவற்றைக் கட்டிப் பிடிக்க வேண்டிய வளையங்கள் அற்றுப்போய்க் கிடந்தன. ஒரு கம்பி வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. காலையில் ரவுணுக்குப் போகும்போது அது நேராக நின்றது என்று அவளால் கோயிலில் வைத்தும் சத்தியம் பண்ண முடியும். அண்ணாந்து பார்த்தாள். தூணும் பீமும் சேருகிற இடத்தில் புதிதாய் ஒரு வெடிப்பு. அதிலிருந்து மெல்லிய தூள் விட்டுவிட்டுக் கொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணை, முட்டு ரண்டையும் கொண்டு வந்து பீமுக்குக் கீழை வையுங்கோ. சுத்தியலாலை ஒரு தட்டும் தட்டக்கூடாது. திருகித் திருகி ஏத்துங்கோ. முட்டின உடனை விட்டிட்டு வெளியாலை போங்கோ. பீமை மேலை தூக்க மட்டும் பாக்க வேண்டாம்."

"நீங்கள் எங்கை போறியள்?"

"மேலை."

படியில் சுவரோரமாக, நுனிக்காலில் ஏறினாள். தன்னுடைய பாரமும் சேர்ந்து ஏறுகிறதே என்று ஒவ்வொரு படியிலும் நினைத்துக்கொண்டாள்.

மேலே வாங்குப் பலகைகளில் பிள்ளைகள் நிரம்பி வழிந்தார்கள். அந்த ரியூட்டறியில் மாதச் சோதனையின் புள்ளிப்படிதான் இருக்கை. கெட்டிக்காரர் கரும்பலகைக்குக் கிட்ட, றோட்டுப் பக்கம். கணக்கு மண்டைக்குள் ஏறாதவர்கள் கடைசி வாங்குகளில், படிக்கட்டுப் பக்கம். கெட்டிக்காரர் எங்கேயும் கொஞ்சப்பேர்தானே? ஆகவே சனம் முழுக்கப் பின்னால்தான். சரியாக அந்த மூலைத் தூணுக்கு மேலே ஐந்தாறு வாங்குகளில், ஆளோடு ஆள் இடித்துக்கொண்டு இருந்தார்கள். தயாளினி சிரிப்பை முகத்தில் ஒட்டிக்கொண்டு, சுவரோடு சுவராக முன்னுக்குப் போனாள்.

சேர் ஒலிவாங்கியைக் கையால் பொத்தினார். "என்ன பிள்ளை?"

"எல்லாரையும் இறக்க வேணும் சேர். இப்பவே. மூலைத் தூணுக்குள்ளை கம்பியே இல்லை. பீமும் வெடிச்சிட்டுது."

"உது எத்தினை வருசமா நிக்கிற தூண்? சும்மா பயப்பிடுத்தாதை. இந்தக் கணக்கை முடிச்சுப்போட்டு விடுறன். பத்து நிமிசம். என்ன?"

"இல்லை, சேர்."

சொல்லிவிட்டாள். சேர் அவளைப் புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை. பிள்ளைகள் ஒருவரும் தலை நிமிர்த்தவில்லை. ஆனால் சேருக்கு அது உள்ளங்காலில் தெரிந்தது. அவருடைய கண் உடனே முதல் வாங்குக்குப் போனது. அங்கே அவருடைய மகள் ஜெயனி குனிந்து கோணம் அளந்துகொண்டிருந்தாள்.

"ஓடச் சொன்னால் எல்லாரும் அந்த மூலையிலைதான் போய் நெருக்குவினம். அதோடை முடிஞ்சுது," என்று தயாளினி அவருடைய காதுக்குள் சொன்னாள். "பயம் தெரியாமல், ஆறுதலா, கொஞ்சம் கொஞ்சமா இறக்க வேணும். நீங்கள் சொன்னால்தான் கேப்பினம்."

சேர் மகளிடமிருந்து கண்ணை எடுத்தார். பிறகு ஒலிவாங்கியை எடுத்தார். குரல் கொஞ்சமும் மாறவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"சரி. கணக்கை முடிச்சவை கொப்பியைக் காட்டிட்டு வீட்டை போகலாம்."

அந்த ரியூட்டறியின் வழக்கம் அது. கடைசிக் கணக்கை முதலில் முடித்தவர் முதலில் வீட்டுக்குப் போகலாம். பிள்ளைகள் உற்சாகமாகக் குனிந்தார்கள். முன்வாங்கிலிருந்து இரண்டு மூன்று பேர் துள்ளி எழும்பிக் கொப்பியை நீட்டினார்கள், சேர் பாராமலே தலையாட்டினார், அவர்கள் பின்பக்கம் நடந்து படியில் இறங்கினார்கள். நல்லது என்று தயாளினி மூச்சு விட்டாள். பிறகு இன்னும் நாலு பேர். பிறகு இன்னும் இரண்டு பேர். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

என்ன மடைத்தனம்! பலமான தூணுக்கு மேலே இருக்கிற பிள்ளைகள் எழும்பி, கெட்ட மூலையை மிதித்துக்கொண்டு போகிறார்கள். கெட்ட மூலைக்கு மேலே இருக்கிற பிள்ளைகளோ ஒருவர்கூட அசையவில்லை. அசைய எப்படி முடியும்? அவர்களுக்கு அந்தக் கணக்கு வராது. இன்றைக்கென்ன, நாளைக்கும் வராது. கெட்டிக்காரரெல்லாம் தப்பிப் போன பிறகும் அந்தப் பாவங்கள் அங்கேயே இருக்கும், பேனையைக் கடித்துக்கொண்டு.

அவள் ஒலிவாங்கியை எட்டிப் பறித்தாள்.

"கணக்கு வராதவை முதல் போங்கோ. கடைசி வாங்கிலையிருந்து எழும்புங்கோ."

ஒருவரும் எழும்பவில்லை.

யாழ்ப்பாணத்துப் பிள்ளை உயிரை விடச் சொன்னாலும் விடும். பெடியளும் பெட்டையளும் சேர்ந்திருக்கிற வகுப்பில், எல்லாரும் திரும்பிப் பார்க்க, 'எனக்குக் கணக்கு வராது' என்று எழும்பி நிற்குமா? கடைசி வாங்கில் ஒரு பெடியன் கொப்பியைக் கையால் மறைத்துக்கொண்டு எதையோ எழுதுவதாகப் பாவனை பண்ணினான். பக்கத்திலிருந்தவளும் அப்படியே. ஒருவரைப் பார்த்து ஒருவர் எல்லாரும் குனிந்து எழுதத் தொடங்கினார்கள். தயாளினிக்கு அழுகை முட்டியது. 'இடியப் போகுது, ஓடுங்கோடா!' என்று கத்திவிடலாம் போலிருந்தது. கத்தினால் அந்தக் கத்தலே கொன்றுவிடும். ஒலிவாங்கியைக் கீழே இறக்கினாள்.

சேர் அவளுடைய கையிலிருந்து ஒலிவாங்கியை மெல்ல வாங்கினார். கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தார். முப்பது வருடமாய்ப் பலகையில் போட்ட ஒரு வரியைக்கூடப் பிழையென்று அழித்ததில்லை என்று பேர் எடுத்த மனிதர். அந்தப் பேரைச் சொல்லித்தான் தாய்மார் கொடிகாமத்திலிருந்தும் பிள்ளைகளை பஸ் ஏற்றி அனுப்பினார்கள். துடைப்பானை எடுத்துப் படத்தின் நடுவில் ஒரு இழுவை இழுத்தார்.

"எல்லாரும் பேனையை வையுங்கோ. கணக்குப் பிழை. நான்தான் பிழையாப் போட்டிட்டன். இது ஒருத்தருக்கும் வராது."

வகுப்பு முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடியது. சேருக்குப் பிழைத்துவிட்டதா?

முதல் வாங்கில் ஜெயனி எழும்பினாள். வகுப்பில் அவளும் தகப்பனைச் சேர் என்றுதான் கூப்பிடுவாள்.

"சேர், கணக்குச் சரி. எனக்கு வந்திட்டுது."

"இல்லை. பிழை."

"இல்லை சேர், ஒருக்காப் பாருங்கோ. வெளிக்கோணத்தாலை வரும்..."

"இரு ஜெயனி! பிழையெண்டால் பிழை!"

அவள் கண் கலங்க இருந்துவிட்டாள். சேர் அவளைப் பார்க்காமல் பின்வரிசைகளைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"கடைசி வாங்கு எழும்பு. சுவரோடை ஒருதர் பின்னாலை ஒருதர் போங்கோ. கீழை நிக்கக்கூடாது, நேரை றோட்டுக்குப் போங்கோ. பிறகு அதுக்கு முன் வாங்கு. மற்றவை முன்னுக்கு வந்து நெருங்கி இருங்கோ."

இப்போது எழும்பினார்கள். எவ்வளவு சுகமாய் எழும்பினார்கள்! ஒருவருக்கும் வராத கணக்கென்றால் யாருக்கு வெட்கம்? பைகளைத் தோளில் கொழுவிக்கொண்டு, ஒருவரையொருவர் இடித்துச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். தயாளினி படியின் தலைப்பில் போய் நின்றுகொண்டாள்.

"ஆறுதலா. ஆறுதலா ராசா. ஓடக்கூடாது."

"சேருக்கே பிழைச்சிட்டுதடா!" என்று ஒருவன் மற்றவனுக்குச் சொல்லி இளித்தான். அவனுக்கு ஒரு அறை விடவும், கட்டிப் பிடிக்கவும் அவளுக்கு ஒரே நேரத்தில் தோன்றியது. கடைசி வாங்கு போனது. அதற்கு முன் வாங்கு போனது. கீழேயிருந்து தம்பிராசாவின் குரல் வந்தது.

"ஒண்டு முட்டீட்டுது தங்கச்சி! மற்றதைத் திருகிறன்!"

"முட்டின உடனை வெளியாலை போங்கோ அண்ணை!"

நடு வாங்குகளும் இறங்கத் தொடங்கின. கால்களுக்குக் கீழே மேல்தட்டு ஒருமுறை மெல்லச் சிலிர்த்தது. ஒரு பிள்ளை நின்று அவளை அண்ணாந்து பார்த்தாள். "போம்மா, போ, ஒண்டுமில்லை," என்று தயாளினி அவளுடைய முதுகில் கைவைத்துத் தள்ளினாள். அவ்வளவு பச்சைப் பொய்யை அவள் வாழ்க்கையில் சொன்னதில்லை. வாங்கு வாங்காகக் காலியாகி, முன்வரிசைப் பிள்ளைகளும் சேரும் மட்டும் மிஞ்சினார்கள். அவர்கள் எழும்பி நடக்கத் தொடங்கத்தான், படிக்கட்டுக்கும் மேல்தட்டுக்கும் நடுவில் ஒரு கீறல் ஓடுவதைத் தயாளினி கண்டாள்.

"நில்லுங்கோ! வராதேங்கோ! பலகையடிக்குப் போங்கோ!"

இப்போது அவள் கத்தினாள், தொண்டை கிழியக் கத்தினாள். திரும்பிப் படிகளில் பாய்ந்தாள். அவள் கடைசிப் படியில் கால் வைக்கவும், முதுகுக்குப் பின்னால் தூண் முறிந்தது. அந்த மூலை ஒரு முழம் கீழே இறங்கி, முட்டுகளில் மோதி, கிரீச்சென்று நின்றது. மேலேயிருந்த வெறும் வாங்குகள் எல்லாம் அந்த மூலைக்குச் சறுக்கி வந்து சுவரில் அடித்தன. வெள்ளைப் புழுதிக்குள் ஒன்றும் தெரியவில்லை.

"தம்பிராசா அண்ணை! அண்ணை!"

"இஞ்சை நிக்கிறன் தங்கச்சி." மதிலடியில், தலையிலிருந்து கால்வரை வெளுத்துப்போய், இருமிக்கொண்டு நின்றார்.

றோட்டுப் பக்கம் ஓடிப் பார்த்தாள். சட்டை போட்ட தூண்கள் போட்டபடி நின்றன. ஒரு மயிரிழை வெடிப்பும் இல்லை. அவற்றுக்கு மேலே, விறாந்தைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் அழுதபடி நின்றார்கள். அயல்வீட்டில் பெயின்ற் அடிக்க வைத்திருந்த ஏணியைத் தம்பிராசாவும் றோட்டில் நின்ற இரண்டு பேரும் தூக்கி வந்து சாத்தினார்கள். ஒவ்வொருவராக இறக்கினார்கள். ஜெயனிக்குப் பின்னால் கடைசியாகச் சேர் இறங்கினார். ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அதற்குள் றோட்டு நிறையச் சனம். ரெலிபோனில் செய்தி பறந்து, தாய் தகப்பன்மார் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டாமலே குதித்து வந்தார்கள். தங்கள் பிள்ளையைக் கண்டு கட்டிக்கொண்டு அழுது முடிந்ததும் அவர்களுக்குக் கோபம் வந்தது. வரத்தானே செய்யும்.

"ஆர் உதுக்கு விட்டது?" என்று கோபிசங்கர் என்ற தகப்பன் முன்னுக்கு வந்தார். கடைசி வாங்கிலிருந்த தன் பெடியனைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். "உடைச்சுப்போட்டிருக்கிற கட்டடத்திலை பிள்ளையளை ஏத்த ஆர் சொன்னது? எஞ்சினியர் ஆர்?"

எல்லாருடைய கண்ணும் அவள்மீது விழுந்தது. தயாளினி சேரைப் பார்க்கவில்லை.

"நான்தான் எஞ்சினியர். சேர் நேற்று என்னட்டைக் கேட்டவர். வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. வாயை மூடிக்கொண்டு நிண்டிட்டன்."

"சொல்லேல்லையோ? பிள்ளையளைக் கொல்லப் பாத்தியோ? நீயெல்லாம் படிச்சனியோ?"

ஆளாளுக்குக் கத்தினார்கள். ஒரு தாய் மண்ணை வாரித் தூற்றினாள். சேர் ஏணியடியில் ஜெயனியின் கையைப் பிடித்தபடி நின்றார். தப்பிக்க வழியை அவருடைய கையிலேயே கொண்டுவந்து கொடுத்தாயிற்று. வாயைத் திறக்காமல் நின்றால் போதும். அடுத்த தவணைக்கும் இதே சனம் அவரிடமே பிள்ளைகளைக் கூட்டி வரும். அவர் சனத்தைப் பார்த்தார், தயாளினியைப் பார்த்தார்.

"அவள் சொல்லியிருந்தாலும் நான் வகுப்பை வைச்சிருப்பன்," என்றார்.

சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒலிவாங்கி இல்லாமலே, வகுப்பில் பேசுகிற குரலில் திரும்பச் சொன்னார்.

"அவள் வேண்டாமெண்டு சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டன். முட்டைக் கழட்டச் சொன்னதும் நான்தான். பிள்ளையள் மேலை ஏறேக்கை அந்தத் தூணைப் பாத்தனான். பாத்துப்போட்டுத்தான் ஏத்தினனான்."

கோபிசங்கர் தன் பெடியனைத் தன்னோடு இறுக்கி அணைத்துக்கொண்டார். ஜெயனி தகப்பனின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"பாத்தனீங்களோ, அப்பா?"

"ஓம்."

அவள் கையை உருவி எடுத்தாள். எடுத்து, மற்றப் பிள்ளைகள் நின்ற பக்கம் நடந்து போய், அவர்களோடு நின்றுகொண்டாள். சேர் அவளைக் கூப்பிடவில்லை.